கல்யாணத்துக்கு முந்தைய இரண்டு வாரம்

கல்யாணமாகி ஆறு வாரம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் எட்டு வாரம். இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்த நாளிலிருந்து என் மாமியார் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. எனக்கு மட்டும் இறங்கியது. சாப்பிடுவேன், ஓடிப்போய் வாந்தி எடுப்பேன், வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மறுபடி தட்டின் முன்னால் உட்காருவேன். 'இவளுக்கு எப்படித்தான் மனசு வருதோ' என்று பார்ப்பார்கள். பசிக்கு மனசு எதற்கு?

வீடு ரெட்டியார்பாளையத்தில். ஹாலில் நுழைந்ததும் மாமனாரின் படம். பிரெஞ்சுப் பட்டாளத்து உடுப்பு, தொப்பி, மீசை. அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. ஆனாலும் மாமியார் எதைப் பேச ஆரம்பித்தாலும் "நாங்க சொல்தா குடும்பம்" என்றுதான் ஆரம்பிப்பார். சொல்தா என்றால் பிரெஞ்சுக்காரனுக்குத் துப்பாக்கி தூக்கியவர் என்று அர்த்தம். தூக்கியவர் மாமனார், பென்ஷன் வாங்குகிறவர் மாமியார், மிதப்பு மட்டும் குடும்பத்துக்கே பொதுச் சொத்து. காய்கறி வண்டிக்காரரிடம்கூட மிச்சச் சில்லறையை வாங்கிக்கொண்டு பிரெஞ்சில் "மெர்சி" என்று நன்றி சொல்வார். அந்த ஆளும் பாவம், அது ஏதோ கீரையின் பேர் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போவார்.

அடுத்த தெருவில் என் நாத்தனார். என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டீச்சர். பள்ளி விட்டதும் ஸ்கூட்டியில் நேராகத் தாய் வீட்டுக்கு வந்து, காப்பி குடித்து, ஊர் வம்பைக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவார்.

என் கணவர் கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் ரிசப்ஷன். வருகிற வெள்ளைக்காரர்களிடமெல்லாம் பிரெஞ்சில் வாய் கிழியப் பேசுவார். எந்தத் தெருவில் எந்தக் கட்டடம் எந்த கவர்னர் கட்டியது என்று அளப்பார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நாக்கையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிடுவார். அம்மா பேசினால் "ம்." அக்கா பேசினால் "ம்." நான் பேசினால் "அவங்ககிட்ட கேட்டியா?"

நான் முத்தியால்பேட்டைக்காரி. அப்பா மில்லில் இருந்தார். மில்லை மூடிய பிறகு ஒரு அபார்ட்மெண்ட்டில் வாட்ச்மேன். அதனால் சொல்தா குடும்பத்தில் வாழ வந்ததே நான் செய்த புண்ணியம் என்று அவர்களுக்கு எண்ணம். காலாப்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை. தினம் பஸ்ஸில் போய் வருவேன். பஸ்ஸில் போய் வருகிற பெண் என்பது பின்னால் எவ்வளவு பெரிய சாட்சியமாகப் போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஸ்கேன் ரிப்போர்ட்டைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதே என் கணவர்தான். சந்தோஷத்தில் போட்டார், அதை நான் குறை சொல்லவில்லை. பாரிஸில் இருக்கிற சித்தப்பாவரை எல்லோரும் கைகூப்பினார்கள், பூங்கொத்து அனுப்பினார்கள். அண்ணியும் முதலில் ஒரு இதயம் போட்டார். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் அந்த இதயத்தைக் காணோம். சாயங்காலம் ஸ்கூட்டி வந்து நின்றது.

சுவரில் தொங்கிய பங்குக் கோயில் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் விரித்தார். சிவப்புப் பேனாவை மூடியோடு பிடித்துக்கொண்டு கட்டம் கட்டமாகப் பின்னோக்கிப் போனார். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற அதே முகம். நான் அடுப்படியில் இருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. எனக்குக் கேட்கட்டும் என்றுதான் பேசினார்கள்.

"ஈஸ்டர் முடிஞ்சி ஒரு வாரம் கழிச்சி கல்யாணம். அதுலேர்ந்து இன்னிக்கி ஆறு வாரம் ஆவுது. ரிப்போர்ட்ல எட்டு போட்டிருக்கு. அப்போ கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி" என்றார் அண்ணி. பேனா ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தில் ஒரு கட்டத்தில் போய் நின்றது. "ம்மா, இது பரிசுத்த வாரம்."

"சேசு மரி சூசை!" என்று மாமியார் நெஞ்சில் கை வைத்தார். "பரிசுத்த வாரத்துலயா? சேசுநாதர் சிலுவைய தூக்கிக்கினு போற வாரத்துலயா?"

இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது, எரிச்சலும் வருகிறது. மருமகள் வேறு எவனுடைய பிள்ளையையோ சுமக்கிறாள் என்று முடிவு கட்டியாயிற்று. அதிலும் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது அந்த வாரத்துக்காக. தவக்காலத்தில் கறி தின்னாத குடும்பம், கல்யாணம் வைக்காத குடும்பம். அதில் போய் இவள் இப்படிச் செய்துவிட்டாளே என்று. ஆற அமர ஈஸ்டர் முடிந்து கெட்டுப் போயிருந்தால் கொஞ்சம் மன்னித்திருப்பாரோ என்னவோ.

விஷயம் ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. கர்ப்பத்தின் வாரத்தை டாக்டர்கள் கல்யாணத்திலிருந்து எண்ணுவதில்லை, பிள்ளை தங்கிய நாளிலிருந்தும் எண்ணுவதில்லை. கடைசியாக மாதவிலக்கு வந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். பிள்ளை தங்குவது அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து. அந்த முதல் இரண்டு வாரம் வயிற்றில் ஒன்றுமே கிடையாது, கணக்கில் மட்டும் உண்டு. போனில் தேடினால் அரை நிமிஷத்தில் வரும். பாரிஸுக்கு வீடியோ கால் போடத் தெரிந்த சொல்தா குடும்பத்துக்கு இதைத் தேடத் தெரியவில்லை. சந்தேகப்படுவது அவ்வளவு ருசியாக இருந்திருக்கிறது.

அன்றைக்கே என் கணவரிடம் இதைச் சொன்னேன். கட்டிலில் உட்கார வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "ம்" என்றார்.

"இத போயி உங்க அம்மாகிட்டயும் அக்காகிட்டயும் சொல்லுங்க" என்றேன்.

"இப்ப வேணாம். அவங்க டென்ஷன்ல இருக்காங்க."

"அப்ப நான் என்ன, திருவிழாவுலயா இருக்கேன்?"

"விடு. பெரியவங்க. தானா அடங்கிடுவாங்க."

நானே போய் விளக்கியிருக்கலாம். மாட்டேன் என்று வீம்பாக இருந்தேன், இன்றைக்கும் அதுதான் சரி என்கிறேன். நான் போய் என் மாதவிலக்குத் தேதியைச் சொல்லி, அம்மா தாயே நம்புங்கள் என்று நின்றால், கூண்டில் நானே ஏறி நின்றதாக ஆகிவிடும். எனக்கு வேண்டியிருந்தது விளக்கம் இல்லை. 'அது என் பிள்ளை' என்று அந்த மனிதர் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதைச் சொல்கிற ஆளோடுதான் நான் குடித்தனம் பண்ணுகிறேனா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

அவர் என்ன செய்தார்? சட்டைக்கு இஸ்திரி போட்டார். ஓட்டலுக்குப் போனார். அக்கா வந்தால் ஃபேன் வேகத்தைக் கூட்டி வைத்தார். அந்த நாட்களில் ஒரு தடவைகூட என் வயிற்றின் மேல் கை வைக்கவில்லை. ஏன் என்று கேட்டால், "குழந்தைக்கு ஏதாவது ஆயிடும்" என்றார். கை வைத்தால் குழந்தைக்கு என்ன ஆகும்? ஓட்டலில் வெள்ளைக்காரன் பெட்டிமேல் அத்தனை பதவிசாக வைக்கிற கைதானே அது?

பிறகு என் அம்மாவை வரவழைத்தார்கள். விசேஷம் என்று நினைத்து அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கை நிறைய மாதுளம்பழமும் பேக்கரி கேக்குமாக வந்தாள். உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் மாமியார் ஆரம்பித்துவிட்டார்.

"சம்மந்தி, கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. பரிசுத்த வாரத்துல உங்க பொண்ணு எங்க போயிருந்தா?"

அம்மா பேந்தப் பேந்த விழித்தாள். "எங்க போவா சம்மந்தி? காலையில காலேஜுக்கு போவா, சாயங்காலம் கோயிலுக்கு வருவா."

"காலாப்பட்டுக்கு பஸ்ல தான?" என்றார் அண்ணி.

"ஆமா, பஸ்லதான்."

"ம்ம்" என்று அண்ணி மாமியாரைப் பார்த்தார். ஈ.சி.ஆர். ரோட்டில் ஓடுகிற பஸ் எல்லாம் பாவத்துக்கே விட்ட பஸ் என்பதுபோல் ஒரு பார்வை. பிறகு காலண்டரை எடுத்துவந்து அம்மாவின் மடியில் விரித்தார். அம்மாவும் விரலை விட்டு எண்ணினாள். அவளும் கல்யாணத்திலிருந்துதான் எண்ணினாள். எண்ண எண்ண அவள் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து அடுப்படிக்கு வந்தாள். என் கையைப் பிடித்து அவள் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

"உண்மைய சொல்லுடி. எதுவா இருந்தாலும் நான் பாத்துக்கறேன். அப்பாகிட்டகூட சொல்ல மாட்டேன்."

மற்றவர்கள் பேசியதெல்லாம் காதோடு போயிற்று. இது சுருக்கென்று தைத்தது. எத்தனை நாளாக அடக்கி வைத்திருந்தேனோ, பொலபொலவென்று அழுதுவிட்டேன். அழுதுகொண்டே எண்ணுகிற விதத்தைச் சொன்னேன். அம்மா படித்ததில்லை, ஆனால் மகளை நம்ப வேண்டும் என்ற ஆசை இருந்தது. அதனால் ஒரு தடவை சொன்னதும் புரிந்துவிட்டது.

"அப்பறம் ஏன்டி வாய மூடிக்கினு இருக்க? இரு, நான் போயி கேக்கறேன் நாலு வார்த்த."

"நீ ஒண்ணும் கேக்காத. அவரு சொல்லணும்."

"அந்தாளு எங்க சொல்லப் போவுது?"

"சொல்றாரா இல்லையான்னுதான் பாக்கணும். நீ போயி சொன்னீன்னா இப்பவே துணிமணிய எடுத்துக்கினு கெளம்பிடுவேன்."

அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு போய்விட்டாள். கேக்கைப் பிரித்து மாமியார் ஒரு துண்டும் அண்ணி இரண்டு துண்டும் சாப்பிட்டார்கள். என்மேல்தான் சந்தேகம், கேக்மேல் இல்லை.

டாக்டரைப் பார்க்கிற நாள் வந்தது. அண்ணி பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். டாக்டர் வாயாலேயே கேட்டு முடிவு பண்ணிவிடுவதாக ஏற்பாடு. நானும் கணவரும் பைக்கில், மாமியாரும் அண்ணியும் ஸ்கூட்டியில், என்னவோ பெண் பார்க்கப் போவதுபோல் கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்தோம். முதலில் ஸ்கேன் பார்த்தது வேறொரு சென்டரில். இந்த டாக்டரம்மாவிடம் அன்றைக்குத்தான் முதல் தடவை. வயதானவர், வெடுக்கென்று பேசுகிறவர். அறைக்குள் ஐந்து பேர் ஆகிவிட்டோம். எனக்கு நாற்காலி இல்லை, அண்ணிக்கு இருந்தது.

"பேஷண்ட் யாரு, உட்காந்திருக்கிறவங்களா, நிக்கிறவங்களா?" என்று டாக்டர் கேட்ட பிறகுதான் அண்ணி எழுந்தார்.

எடை பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "கடைசியா எப்பம்மா தலைக்கு குளிச்ச?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். "பரிசுத்த வாரத்து திங்கக்கெழம மதாம். குருத்து ஞாயித்துக்கு மறுநாளு."

எங்கள் வீட்டு ஆட்கள் மூன்று பேரும் மாமியாரையே பார்த்தோம். அவர் மட்டும் பரீட்சையில் முதல் கேள்விக்கு விடை தெரிந்த பிள்ளைபோல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

என் மாதவிலக்குத் தேதி என் மாமியாருக்கு எப்படித் தெரியும்? எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் இது ஒரு வழக்கம். கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பார்கள், மண்டபம் பிடிப்பார்கள், எல்லாம் பகிரங்கமாக. இது மட்டும் இரண்டு தாய்மாருக்குள் போனில் நடக்கும். பீடத்துக்கு முன்னால் நின்று மோதிரம் மாற்றுகிற நாளில் பெண் 'அப்படி இப்படி' இருக்கக் கூடாதாம். எந்தச் சாமியாரும் அப்படிச் சொன்னதில்லை. இவர்களே சேசுநாதருக்குச் சேர்த்து வெட்கப்பட்டுக்கொள்வார்கள். அதே பரிசுத்த வாரத்தில், பெரிய வியாழன் அன்று மாமியார் என் அம்மாவுக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கோயிலுக்குப் புடவை மடித்துக்கொண்டிருந்தேன். "பொண்ணு குளிச்சாச்சா சம்மந்தி?" "திங்கக்கெழமையே ஆயிடுச்சி சம்மந்தி." "தேவனுக்கு ஸ்தோத்திரம். அப்ப கல்யாணத்தன்னிக்கி கவல இல்ல." நான் ஆடா, மாடா, தேதி விசாரித்துப் பிடித்துக்கொண்டு போவதற்கு என்று அம்மாவிடம் கத்தினேன்.

ஆக, அந்த வாரத்தில் நான் கர்ப்பமாக இல்லை என்பதற்கு என்னைத் தவிர அந்த வீட்டிலேயே கையில் ஆதாரம் வைத்திருந்தவர் என் மாமியார் ஒருவர்தான். தேதியைச் சொன்ன அம்மாவுக்கே பதற்றத்தில் அது நினைவு வரவில்லை. மாமியார் அவராகக் கேட்டு வாங்கிக்கொண்ட ஆதாரம் இது. அதை ஒரு பக்கம் பத்திரமாக வைத்துக்கொண்டே இன்னொரு பக்கம் நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தார். மண்டைக்குள் இரண்டு அறை, நடுவில் கதவு கிடையாது.

அண்ணி விடவில்லை. "டாக்டர், ஒரு டவுட். இவளுக்கு கல்யாணம் ஆனது ஈஸ்டர் கழிச்சி. ரிப்போர்ட்ல ரெண்டு வாரம் கூடுதலா வருதே?"

"கூடுதல் இல்லம்மா. தலைக்கு குளிச்ச நாள்லேர்ந்துதான் வாரம் போடுவோம். புள்ள தங்கறது அதுக்கப்பறம்தான். இவங்களுக்கு கல்யாணத்த ஒட்டி தங்கியிருக்கு. ஸ்கேன்ல அளவும் அதுக்கு சரியா இருக்கு."

"அதெப்படி டாக்டர்? குழந்தையே இல்லாத ரெண்டு வாரத்த கணக்குல சேப்பீங்க? லாஜிக்கே இல்லையே?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "புள்ள என்னிக்கி தங்குச்சின்னு யாருக்கும் கரெக்டா தெரியாது. குளிச்ச நாள் தெரியும். தெரிஞ்ச எடத்துலேர்ந்துதான எண்ண முடியும்? நீங்க என்ன வேல பாக்கறீங்க?"

"டீச்சர்" என்றார் அண்ணி. என்ன பாடம் என்று சொல்லவில்லை.

"குளிச்ச தேதிய மாமியாரே சொல்றாங்க. அப்பறமும் என்ன டவுட்டு உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இரும்புச்சத்து மாத்திரை எழுத ஆரம்பித்தார் டாக்டர்.

வெளியே வந்ததும் மாமியார் சிலுவை போட்டுக்கொண்டார். "நல்ல வேள, பரிசுத்த வாரத்துல இல்ல" என்றார். அந்தக் கவலைதான் அவருக்கு. என்னிடம் ஒரு வார்த்தை? ம்ஹூம். "வயித்துப் புள்ளக்காரி, ஏன் வெயில்ல நிக்கற, நெழலுக்கு வா" என்று தலையைத் தடவினார். அவ்வளவு நாள் கரித்துக் கொட்டிய அதே வாய். அண்ணி மட்டும், "அவங்க சிஸ்டமே தப்பு" என்று மருத்துவ உலகத்தையே பெயிலாக்கிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினார். நான் அவர்களிடம் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. இந்த மாதிரி ஆட்கள்மேல் கோபப்படுவதே அவர்களுக்குக் கொடுக்கிற அதிக மரியாதை.

இந்திரா காந்தி சிலையைத் தாண்டுகையில் கணவர் பைக்கை ஒரு ஜூஸ் கடை ஓரம் நிறுத்தினார். இரண்டு சாத்துக்குடி சொன்னார். முகமெல்லாம் பல். அத்தனை நாளாக நான் பார்க்காத சிரிப்பு.

"அப்பாடா!" என்றார். "இப்பதான் நிம்மதி."

"அவங்க வாய் மூடுச்சேன்னா?"

"இல்ல, பொதுவாத்தான்." டம்ளரை என்னிடம் நீட்டினார். "எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சி."

டம்ளரை வாங்கினேன், குடிக்கவில்லை. "நீங்களும் எண்ணுனீங்களா?"

"எண்ணவெல்லாம் இல்ல. சும்மா ஒரு தடவ பாத்தேன். அக்கா அவ்ளோ சொல்லும்போது..."

"நான் மொத நாளே இதேதான சொன்னேன்? கட்டில்ல உட்கார வச்சி சொன்னேனே?"

"நீ சொன்ன. சொல்லலன்னு சொல்லல." ஸ்ட்ராவால் ஐஸைக் குத்தினார். "ஆனா டாக்டர் சொன்னா ஒரு இது இருக்குல்ல?"

அந்த 'ஒரு இது' என்ன என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவுக்குப் பயந்து பேசாமல் இருக்கிறார், அக்காவுக்குப் பயந்து பேசாமல் இருக்கிறார், கோழை, போகட்டும் என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன். கோழையோடு குடித்தனம் பண்ணிவிடலாம், ஊரில் பாதிப் பேர் பண்ணுகிறார்கள். இவர் பயத்தில் சும்மா இருக்கவில்லை. இவரும் சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

"உங்க அம்மாவும் அக்காவும் வெளிய நின்னு எண்ணுனாங்க. நீங்க என்கூட படுத்து எழுந்துக்கினே எண்ணுனீங்க" என்றேன். கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். என் கணவர் "மெதுவா, மெதுவா" என்றார். ஜூஸை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். இரண்டு டம்ளரையும் அவரே குடித்திருப்பார், வீணாக்குகிற ஆள் இல்லை.

வீட்டை விட்டுப் போகவில்லை. போயிருக்க வேண்டும் என்று இப்போதும் சில பேர் சொல்கிறார்கள். சொல்வதற்கு என்ன, வயிற்றில் பிள்ளையோடு, வாட்ச்மேன் வேலை பார்க்கிற அப்பாவின் ஒற்றை அறை வீட்டுக்குப் போய் அவர்கள் படுக்கப் போவதில்லையே. டாக்டர் சொன்னதை நம்பி என் கணவர் என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார். நான் அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, அது அவருக்கு இன்னும் தெரியாது.

பொங்கல் வாரத்தில் மகள் பிறந்தாள். வலி எடுத்து, கத்தி, நொந்து, கிழிந்த துணிபோல் கிடந்தேன். நர்ஸ் பிள்ளையைச் சுற்றிக் கொண்டுபோய் வெளியே காத்திருந்த அவர் கையில் கொடுத்து, இருவரையும் உள்ளே அழைத்துவந்தார். நான் எப்படி இருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. பிள்ளைக்குக் கை கால் சரியாக இருக்கிறதா என்றும் பிரித்துப் பார்க்கவில்லை.

"மூக்கப் பாரேன்" என்றார் பூரித்துப்போய். "அப்படியே என் மூக்கு."

மூக்கைத்தான் முதலில் தேடியிருக்கிறார்.